ஜெசூர் ரோடும் ஒரு கள்ளக் கணக்கும்

தங்கமணியும் பசங்களும் லீவுக்கு மதுரை போயாச்சு. வீட்டில் மிஞ்சினது நானும் முந்தாநாள் சாம்பாரும்தான். சனிக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கிட்டுத் தனியா ஜெசூர் ரோட்டில் கிளம்பிட்டேன். பாராசாத், அசோக்நகர், ஹாப்ரா, போங்காவ் வழியா பெட்ராபோல் எல்லை வரைக்கும்.

பாராசாத் தாண்டினா ரெண்டு பக்கமும் நம்ம ஊர் தூங்குமூஞ்சி மரங்கள். இங்கே சிரீஷ்னு சொல்றாங்க. நாலு பேர் கை கோத்தாலும் சுத்த முடியாத அடிமரம், மேலே கூரை மாதிரி கிளை. ஜெசூர் ஜமீன்தார் ஒருத்தர், அம்மா கங்கைக்கு நிழல்லயே போகணும்னு போட்ட ரோடுன்னு கதை. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தது இதே வழியாத்தான்.

திங்கட்கிழமை ஆபீசில் இதைச் சொன்னா, பக்கத்து சீட் தாதா கேட்டார்: "மரம் முக்கியமா, மனுஷன் முக்கியமா?"

இந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. ஹாப்ரா ரயில்வே கேட்டில் இருபத்தஞ்சு நிமிஷம் நானும் நின்னேன், பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கிட்டே நின்னுச்சு. மேம்பாலம் வேணும், மறுக்கலை. பட்ட கிளை விழுந்து ஆள் செத்ததும் உண்டு. என் சண்டை கணக்கோடதான்.

ஐந்து ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட கல்கத்தா உயர்நீதிமன்றம் 2018-ல் அனுமதி கொடுத்தது. ஒண்ணு வெட்டினா அஞ்சு கன்று நடணும். உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வெச்சு, 2020-ல் ஒரு நிபுணர் குழு போட்டது. ஒரு மரத்தோட மதிப்பு வருஷத்துக்கு 74,500 ரூபாய், அதை வயசால் பெருக்கிக்கோன்னாங்க. நூறு வயசு மரம்னா 74 லட்சத்து 50 ஆயிரம்! (நம்ம பிராஞ்சில் அவ்வளவு ஹவுசிங் லோன் வாங்க எத்தனை பேப்பர் கேட்போம்னு நினைச்சுப் பாருங்க.) 2023 பிப்ரவரியில் தடை நீங்கிடுச்சு. அந்த 74,500 எந்தத் திட்டச் செலவிலும் ஏறினதா நான் பார்க்கலை.

பி.காம். படிச்சவன் கேக்கறேன். நூறு வருஷ ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைச்சுட்டு, அஞ்சு ஆர்.டி. திறந்து தர்றேன்னு சொன்னா கஸ்டமர் சும்மா விடுவாரா? அதுவும் மாசத் தவணை யார் கட்டுவாங்கன்னே எழுதாத ஆர்.டி. கன்று நட்ட அன்னிக்கு போட்டோ, அதோட சரி. தண்ணி ஊத்தறது யாரு, ஆடு மேயாம பார்க்கிறது யாரு?

மரத்தை நடுவில் விட்டு ரெண்டு பக்கமும் ரோடு போடுங்கன்னு இங்கே போராடறவங்க ஆரம்பத்திலேர்ந்தே கேட்டாங்க. அதுக்கு நிலம் வாங்கணும், செலவு கூடும். மரத்துக்கு விலை பூஜ்யம்னு வெச்சாத்தான் வெட்டறது லாபமாத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே ரோடு, இதே சண்டை. 2018 ஜனவரியில் அங்கே உயர்நீதிமன்றம் வெட்டறதை நிறுத்தி வெச்சது.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்லை. எங்க ஊர்ப் பக்கம் நாலு வழிச் சாலைக்காகப் புளியமரம் எல்லாம் போனப்போ, சீக்கிரம் ஊர் போகலாம்னு சந்தோஷப்பட்டவன்தான். வருஷா வருஷம் புளி ஏலம் எடுத்த தாத்தா மட்டும் ரெண்டு நாள் யார்கூடவும் பேசலை. இன்னிக்கு அந்த ரோட்டில் பஞ்சர் ஆனா ஒதுங்க நிழல் கிடையாது.

வெட்டின ஒவ்வொரு மரத்துக்கும் நட்ட அஞ்சு கன்றும் எங்கே இருக்கு, எத்தனை உயிரோட இருக்குன்னு ஒரு லெட்ஜர் போட்டு ஊர் பார்க்க ஒட்டுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட் பண்ணுங்க. எங்க பிராஞ்சுக்கு வர்ற ஆடிட்டர் மாதிரி ஒருத்தர் போதும், அவர் ஸ்டேப்ளர் பின்னையே எண்ணுவார் :-)