அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்: அரசுப் பள்ளிகளும் மத போதனையும்

2024 ஆகஸ்ட் இறுதியில், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கை உரை என்ற பெயரில் ஒரு சொற்பொழிவு நடந்தது. பேச வந்தவர் மறுபிறவி, பாவ புண்ணியம் என்று விரித்துக்கொண்டே போய், முற்பிறவிப் பாவம்தான் இப்பிறவியில் உடற்குறையாக வருகிறது என்கிற அளவுக்குப் போனார். அவரை எழுந்து தட்டிக் கேட்டவர், பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். பிறகு பேச்சாளர் கைதானார். தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள்.

செய்தி பழையதாகிவிட்டது. ஆனால், ‘அரசுப் பள்ளியில் மதம் பேசினால் என்ன தவறு?’ என்ற கேள்வி இன்னும் பலர் மனதில் இருக்கிறது. நம் சமுதாயத்துப் பெற்றோரும் இதற்கான பதிலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. முழுக்க முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனங்களிலும், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிறுவராக இருந்தால் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதங்களைப் பற்றிக் கற்பிப்பதை இந்தப் பிரிவு தடுக்கவில்லை என்றது. அதில் நியாயமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லதுதான். எல்லா மதங்களைப் பற்றியும் சொல்லித் தருவது கல்வி. ஒரு மதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இதுவே நம் பண்பாடு என்று பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது போதனை.

இந்த எல்லைக் கோடுதான் இப்போது அழிக்கப்படுகிறது. 2022 மார்ச்சில் குஜராத் அரசு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பகவத் கீதையைப் பாடத்தில் சேர்ப்பதாக அறிவித்தது. காலை வழிபாட்டிலும் சுலோகப் போட்டிகளிலும்கூட அதற்கு இடம் தரப்பட்டது. ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது.

அதே ஆண்டு டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில், ஓர் அரசுப் பள்ளியில் அல்லாமா இக்பால் குழந்தைகளுக்காக எழுதிய துஆப் பாடலைப் பாடவைத்தார்கள் என்று புகார் வந்தது. தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காவல்துறை வழக்கும் பதிவானது.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். பிற மதப் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளியில் அல்லாஹ்வை அழைக்கும் பாடலை எல்லோரையும் பாடவைத்தால், அவர்களின் பெற்றோர் ஆட்சேபிப்பதில் நியாயம் உண்டு. ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அது நின்றிருக்கும். ஆனால் ஓரிடத்தில் ஆசிரியர் மீது வழக்கு, இன்னோரிடத்தில் அரசே முன்னின்று நடத்தும் பாடம். அளவில் மோசடி செய்பவர்களை எச்சரிக்கும் ‘அல்முதஃப்பிஃபீன்’ அத்தியாயத்தை ஓதுகிற நமக்கு இது புரியாத கணக்கல்ல.

மதத்தின் பெயர் சொல்லாமல் நடக்கும் அரசியல் போதனை இதைவிட நுட்பமானது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, 12ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது. 2025இல் வந்த 8ஆம் வகுப்பு நூல், பாபரை இரக்கமற்ற படையெடுப்பாளராகச் சித்திரிக்கிறது. கடந்த காலத்துக்காக இன்றுள்ள எவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் 13 வயதுப் பிள்ளையின் மனதில் அந்தக் குறிப்பு நிற்குமா, கொடூரம் என்ற சொல் நிற்குமா? அந்தப் பாடம் நடக்கும்போது, வகுப்பில் இருக்கும் ஒரே முஸ்லிம் மாணவனின் பக்கம் எத்தனை கண்கள் திரும்பும்?

மன்னர்களின் தவறை மறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. கோயிலை இடித்தவர் முஸ்லிம் மன்னரானாலும் எழுதுங்கள். அதே அளவுகோலால் எல்லா அரசர்களையும் அளந்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சரி, நாம் என்ன செய்வது? முதலாவதாக, ‘அவர்கள் கீதை என்றால் நாமும் குர்ஆன் பாடம் கேட்போம்’ என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். மார்க்கம் கற்பிப்பது நம் வீட்டின் கடமை, மக்தபின் கடமை. நம் மஹல்லா மக்தப் காலியாகக் கிடக்க, அந்தப் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க நினைப்பது சோம்பல்.

இரண்டாவதாக, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறோம்? யார் பேச வருகிறார், எதைப் பற்றிப் பேசுவார் என்று முன்கூட்டியே கேட்க வேண்டிய இடம் அதுதான். பிள்ளையின் பாடநூலைப் பிரித்துப் பாருங்கள். தவறு கண்டால் வாட்ஸ்அப்பில் கொதிக்காமல், தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அன்று எழுந்து நின்ற அந்த ஆசிரியர் நம் மதத்துக்காகப் பேசவில்லை, பிள்ளைகளுக்காகப் பேசினார். நாமும் நம் பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, அந்த வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பேசக் கற்றுக்கொண்டால், நம் குரலுக்கும் நியாயத்தின் எடை கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.