தலைப்பிரசவக் கணக்கு

சென்ற தை மாதம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். பெண்ணின் தகப்பனார் எனக்குப் பழைய சிநேகிதர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. சிறிய மண்டபமாகப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் வளையலும் வயிறு நிறைய விருந்தும் கொடுத்தார்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம். பேச்சு எப்படியோ செலவுப் பக்கம் திரும்பிற்று. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை என்ன, காருக்கு என்ன, இன்ஷூரன்ஸுக்கு என்ன என்று எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தார். “செல்போனிலேயே கணக்கு எழுதிடுவேன், சார். வெளியே ஒரு டீ குடிச்சாக்கூட விட்டுப் போகாது” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வயதில் நான் அப்படி இருந்ததில்லை. “குழந்தைக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்தார். “தலைப்பிரசவம் இல்லையா, சார்? அதெல்லாம் அவங்க வீட்டுப் பொறுப்பு. அஞ்சாம் மாசம்தான் இங்கே கொண்டுவந்து விடுவாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.”

எதிர்ப் பந்தியில் என் சிநேகிதர் பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டிருந்தார்: “மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடப்பா!”

டீச் செலவைக்கூட விட்டுவிடாத அந்தக் கணக்கில், தனக்குப் பிறக்கப் போகிற குழந்தைக்கு ஒரு வரி இல்லை. இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, உரிமையோடு சொன்னார். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் அது இயல்பான பதிலாகத்தான் தோன்றும். அந்தப் பதில் தவறு, அதற்கு ஆதாரமாக நிற்கிற வழக்கமும் தவறு என்பது என் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், பெற்றவர்கள் தங்கள் குழந்தைகளைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், கல்வி, வைத்தியம் என்று விளக்கமும் தருகிறது. தலைப்பிள்ளைக்கு முதல் ஐந்து மாதம் விதிவிலக்கு என்று அதில் எங்கும் எழுதவில்லை. அந்த விதிவிலக்கை எழுதிக்கொண்டவர்கள் நாம்.

சட்டத்துக்கும் இதிலே ஒரு கண் மூடித்தான் இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. ஆனால் குழந்தை பிறப்பு முதலான சமயங்களில் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை வரதட்சிணை என்பதில் அடங்கா என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் சொல்லிவிட்டது. ஆகவே கல்யாணத்தில் கேட்டால் குற்றம். கருவுற்ற பிறகு, வாய் திறந்து கேட்காமல் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சம்பிரதாயம்!

“என்ன ஐயா, பெரிய செலவு? பிள்ளை பிறந்தால் ஒரு சங்குப் பால், ஒரு முழத் துணி” என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். அவர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நகை நட்டை விட்டுவிடுங்கள். அரைஞாண், காப்பு, கொலுசு எல்லாம் ஒரு நாள் செலவு. நாலு பேர் பார்க்கிற செலவு. நான் சொல்வது யாரும் பார்க்காத அன்றாடச் செலவை. டயப்பர் என்று ஒன்று வந்திருக்கிறதே, அதை நாளுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 180. ஒன்று பத்து ரூபாய் என்றாலும் 1,800 ரூபாய். “பழைய வேஷ்டியைக் கிழித்துக் கட்டுவோம்” என்றால் அது மலிவுதான். ஆனால் சோப்பு யார் வாங்குகிறார்கள், தண்ணீர் யார் இறைக்கிறார்கள், மழைக் காலத்தில் அத்தனை துணியையும் யார் துவைத்து உலர்த்துகிறார்கள்? குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற ஆயாவுக்குக் கூலி உண்டு. தாய்க்கும் சேய்க்கும் வெந்நீர் போட்டே காஸ் சிலிண்டர் பத்து நாள் முன்னதாகத் தீர்ந்துபோகும். பிறந்தவுடன் போடுகிற ஊசிக்குப் பிறகு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று தடுப்பூசிக்குப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம்; தனியார் டாக்டரிடம் போனால் அதற்கும் பணம். எங்கே போனாலும் ஆட்டோ இலவசமில்லை. இது போக, நள்ளிரவில் குழந்தை வீறிட்டு அழுதால் யாரும் பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தாய்ப்பாலுக்குக் காசில்லை என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். குழந்தைக்கு அது இலவசம். கொடுக்கிற உடம்புக்கு இலவசமா? பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதமும் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு. பாலாக, முட்டையாக, மீனாக, பருப்பாக, பூண்டாக, கீரையாக அந்த ஒரு வேளை தினமும் யாரோ ஒருவர் பணத்தில் வாங்கப்படுகிறது. பிள்ளை பெற்ற பெண்ணின் சாப்பாடுதான் குழந்தைச் செலவில் முதல் வரி. நம் வீடுகளில் கை இறுகும்போது முதலில் அடிபடுகிற வரியும் அதுதான்.

அரசாங்கத்துக்குக்கூட இது தெரிந்திருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு உதவித் திட்டம் 1987-ல் தொடங்கியது. 2018-ல் அந்தத் தொகை 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் 14,000 ரொக்கம். மீதிக்குச் சத்துணவுப் பொருள்கள் அடங்கிய இரண்டு பெட்டகங்கள். கர்ப்பிணியும் பிள்ளை பெற்றவளும் சாப்பிட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்று சர்க்கார் தன் பட்ஜெட்டிலே எழுதி வைத்திருக்கிறது. “இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்” என்று காலைக் காப்பியோடு பேசுகிற நடுத்தர வர்க்கத்துக் கணவனின் பட்ஜெட்டில்தான் அந்த வரி இல்லை.

ஊரைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேனே, நான் மட்டும் யோக்கியனா? இல்லை. இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஏதாவது தகுதி இருந்தால், அது குற்றவாளியின் தகுதிதான்.

என் மூத்த பெண் பிறந்தது 2006-ல். சம்பிரதாயப்படி என் மனைவி கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தன் தகப்பனார் வீட்டுக்குப் போனாள். அவர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு கிலுகிலுப்பையுமாகப் போய்க் குழந்தையைக் கொஞ்சிவிட்டு வருவேன். நல்ல தகப்பன் என்றுதான் என்னைப் பற்றி எனக்கு அபிப்பிராயம்.

மாமா 2019-ல் காலமானார். வீட்டை ஒழித்தபோது அவருடைய கணக்கு நோட்டுகளை என் மனைவி எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்து நாற்பது பக்க நோட்டுகள். அழகான கையெழுத்து. 2006-ஆம் வருஷத்து நோட்டைப் புரட்டினேன். ‘மல் துணி 8 மீட்டர்’, ‘பூண்டு’, ‘பிரசவ லேகியம்’, ‘பால் கூடுதல் அரை லிட்டர்’, ‘குளிப்பாட்டுகிற பாட்டிக்கு’, ‘ஊசிக்கு ஆட்டோ’ என்று வரிசையாக இருந்தது. நடுநடுவே இன்னொரு வரி: ‘மாப்பிள்ளை வருகை. கோழி, நெய், ஆட்டோ இரண்டு நடை.’ எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் அந்த வரி ஒன்பது தடவை வருகிறது. குழந்தையின் செலவில் ஒரு பைசாவை ஏற்றுக்கொள்ளாததோடு, அந்த வீட்டுக்கு நானே ஒரு செலவாக ஒன்பது தடவை போய் வந்திருக்கிறேன்!

ஆடி மாதப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது: ‘பிரஷர் மாத்திரை, 15 மட்டும்.’ ஆவணியிலும் அப்படியே. தினம் ஒன்று போட வேண்டிய மாத்திரை அது.

நோட்டை என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நான் அங்கேயேதானே இருந்தேன், எனக்குத் தெரியலையே” என்றாள். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது முறைப்படி பிரசவம் எங்கள் வீட்டில். அப்போதுதான் பூண்டு என்ன விலை என்று எனக்குத் தெரிந்தது. “இந்தக் காலத்தில் ஒரு குழந்தை பெற்று வளர்ப்பது சாமானியமா?” என்று ஆபீசில் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். இரண்டாவது குழந்தை மூத்ததைவிட அதிகமாக ஒன்றும் குடித்துவிடவில்லை. பர்ஸ் மாறிவிட்டது, அவ்வளவுதான். தலைப்பிள்ளைக்கு ஆகிற செலவு நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அது குறைவாக இருப்பதல்ல; அதை ஒரு கிழவர் சத்தம் போடாமல் கட்டிவிடுகிறார் என்பதுதான்.

இதற்கு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். “தாய் வீட்டுப் பாசத்தைக் காசுக் கணக்காக்குகிறீரே!” என்பார்கள். நான் பாசத்தைத் தடுக்கவில்லை. முதல் பிரசவத்தில் ஒரு பெண்ணுக்குத் தன் தாயின் மடிதான் வேண்டும், தாராளமாகப் போகட்டும். போகிறவள் மனைவி, பிறக்கிறது உங்கள் குழந்தை, அவர்களோடு உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கும் போகட்டும் என்கிறேன். இடமும் பாசமும் உழைப்பும் அவர்கள் கொடுக்கிறார்கள். பாட்டி இரவெல்லாம் கண் விழிப்பதற்கு யாரும் விலை போட முடியாது. விலை போட முடிகிற சாமானையாவது நாம் வாங்கக் கூடாதா?

“முன்னோர் செய்து வைத்த வழக்கம்” என்பார்கள். முன்னோர் காலத்தில் கொல்லையில் பசு நின்றது. குதிரில் நெல் இருந்தது. மருத்துவச்சிக்கு அந்த நெல்லையே அளந்து போட்டார்கள். பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பாத்தியதை இல்லாத காலத்தில், அவளுக்கு ஏதாவது செய்ய அது ஒரு வழியாகவும் இருந்தது. இன்று பெண்ணைப் படிக்க வைத்த கடன் தீர்வதற்குள் கல்யாணக் கடன், அது தீர்வதற்குள் வளைகாப்பு என்று பென்ஷன் பணத்தைத் தின்கிற வழக்கத்துக்கு முன்னோரைச் சாட்சிக்கு இழுப்பது அவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

“கொடுத்தாலும் மாமனார் வாங்க மாட்டாரே!” இது ஒன்றுதான் நியாயமான மறுப்பு. வாங்க மாட்டார்தான். மாப்பிள்ளை கைக்காசை வாங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று கூசுவார். அவரிடம் ஏன் நீட்டுகிறீர்கள்? உங்கள் மனைவியின் கையில் கொடுங்கள். அவள் அங்கே போகிறபோதே மூன்று மாதச் செலவுக்கு உரியதை அவள் பெயரில் பாங்கியில் போட்டுவிடுங்கள். பால்காரருக்கும் மருந்துக் கடைக்கும் நீங்களே கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஆப்பிளுக்குப் பதிலாக அந்த வாரத்து மளிகையைச் சுமந்துகொண்டு போங்கள். ஐந்தாம் மாதம் குழந்தையைக் கொண்டுவந்து விடும்போது தொட்டிலும் பாத்திரமும் சீரும் வேண்டாம், பெண்ணும் பிள்ளையும் மட்டும் வந்தால் போதும் என்று உங்கள் தாயார் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான காரியம். ஆனால் அதைச் செய்ய உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.

கணக்கை முதல் நாளிலிருந்து எழுதாதவன் ஐந்தாம் மாதத்தில் திடீரென்று எழுதிவிட மாட்டான். குழந்தை வந்து சேரும்போது சம்பளம் முழுவதும் ஏற்கெனவே தவணைகளுக்குப் பங்கு போடப்பட்டிருக்கும். அந்தப் பெண்ணும் சம்பளமில்லா விடுப்பில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். டயப்பர் வாங்க வேண்டும் என்று கணவனிடம் கை நீட்டத் தயங்கி, தனக்கு வாங்குகிற பாலை அவள் நிறுத்துவாள். “பால் எனக்குப் பிடிக்கவில்லை” என்பாள். நாமும் நம்பிவிடுவோம். தகப்பன் பாதி மாத்திரையோடு நிறுத்திக்கொண்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது தெரியாத வித்தையா?

அந்த வளைகாப்பு மாப்பிள்ளைக்கு இந்தக் கட்டுரையை அனுப்பப் போகிறேன். குழந்தை பிறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது. செல்போன் கணக்கில் ஒரு வரி சேர்க்க அரை நிமிஷம் போதும். மாமனாருக்கு அனுப்பப் போவதில்லை. அவர் படித்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். இன்னொரு கரண்டி பாயசம் விடத்தான் சொல்லுவார்.