திறவுகோல் யார் கையில்?

தொட்டபெட்டா முகட்டில் தவழ்ந்து, உதகைத் தெருக்களிலும் குன்னூர்த் தேயிலைச் சரிவுகளிலும் இறங்கும் முகிலை நீலமலை மக்கள் நன்கறிவர். இன்று அவர்தம் வாழ்வைத் தொட வரும் முகிலோ வேறு. அது வானில் இல்லை. எங்கோ தொலைவில், பிறர் கட்டடத்தில், பிறர் கணிப்பொறிகளில் உள்ளது. அவற்றைக் குடிக்கூலிக்கு எடுத்துத் தம் கணக்குகளையும் ஆவணங்களையும் அங்கு வைப்பதே முகிற்கணிமை.

குன்னூர்த் தேயிலை ஏலம் கணிப்பொறிவழி நடைபெறுகின்றது. சிறு உழவர் தம் பசுந்தேயிலைக்குப் பெறும் விலை அவ்வேல விலையைத் தழுவியே அமைகின்றது. சென்னை உயர் அறமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் வெளியூர் ஊர்திகள் நீலமலைக்கு வர இணையவழி இசைவுச்சீட்டு வேண்டியதாயிற்று. இவைபோலும் பணிகள் உலகெங்கும் நாளுக்குநாள் முகிலேறி வருகின்றன. ஆதலின், அம்முகிலை ஆளும் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பது நம் மலையகத்தின் கேள்வியும் ஆகும்.

முகிலில் உள்ள அனைத்தையும் ஆள்வதற்கு ஓர் ஆளுகைப் பலகை உண்டு. திரையில் விரியும் ஒரு பக்கமே அது. புதிய கணிப்பொறியை இயக்குவதும், உள்ளதை நிறுத்துவதும், சேமித்த படிகளை அழிப்பதும் அங்கிருந்தே. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே காவலெனில், அவை பொருந்திவிட்டால், வந்தவன் உரியவனா கள்வனா என்று அது கேளாது. கதவுடைக்கும் கள்வனுக்கு ஓசையுண்டு. திறவுகோலோடு வருபவனுக்கு ஓசையேது?

2014 சூனில் 'கோட் சுபேசசு' என்னும் நிறுவனம் பட்ட பாட்டைக் காண்க. நிரலாளர்தம் ஆக்கங்களைப் பேணிவந்த அது, அமேசானின் முகிலை நம்பியிருந்தது. அதன் ஆளுகைப் பலகைக்குள் எவ்வழியோ புகுந்த ஒருவன் பணம் கேட்டான். நிறுவனத்தார் விழித்துக் கடவுச்சொற்களை மாற்றினர். அவனோ தனக்கென வேறு நுழைவுப் பெயர்களை முன்னரே படைத்து வைத்திருந்தான்! தன்னை வெளியேற்ற முயல்வதைக் கண்டதும் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினான். பன்னிரண்டு மணி நேரத்துள் தரவுகளும் காப்புப்படிகளும் பெரும்பாலும் ஒழிந்தன, நிறுவனமும் மூடப்பட்டது. காப்புப்படிகளையும் அதே பலகையின்கீழ் வைத்திருந்ததே பெருங்கேடு. வீட்டுப் பூட்டின் மாற்றுத் திறவுகோலை அவ்வீட்டிற்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற செயல் அன்றோ இது!

வேறு சில கள்வர் எதையும் அழிப்பதில்லை. பிறர் கணக்கில் கணிப்பொறிகளை இரவு பகலாக இயக்கி மின்காசு ஈட்டுவர். கூலிக் கணக்கு வரும்போதுதான் உரியவர்க்குத் தெரியும்.

கடவுச்சொல் பறிபோவது பலவேளைகளில் பொய்ம்மடலால். அல்லது ஒரே சொல்லைப் பலர் பகிர்வதால். எனவே, ஏலம் நடத்துவோரும் இசைவுச்சீட்டு வழங்குவோரும் கடவுச்சொல்லோடு இரண்டாம் பூட்டொன்றையும் இடுக. பணி நீங்கியவரின் நுழைவை அன்றே நீக்குக. காப்புப்படியை வேறு பலகையின்கீழ், வேறொருவர் பொறுப்பில் வைக்க. பொய்ம்மடலைத் திறக்க நேர்பவர் கோத்தகிரியிலோ குன்னூரிலோ அமர்ந்திருக்கும் ஒரு தமிழ் எழுத்தர். அவர்க்குரிய விழிப்புரைகளை அவர் படித்தவுடன் விளங்கும் தமிழில், இத்திங்களிலேயே அவர் மேசைக்கு அனுப்புக.