பாகவதரின் ஊரில் பவளக்கொடி

திருச்சியில் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து நிற்பது 'ஹரிதாஸ்'. 1944 தீபாவளிக்கு வெளியான அந்தப் படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட கதையைச் சொல்லி முடிக்காமல் யாரும் எழுந்து போவதில்லை. எங்களுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மனம் அதற்குப் பத்து ஆண்டுகள் பின்னே, 'பவளக்கொடி'யிடம் போய்த் தங்கிவிடுகிறது. மேடையில் ஆடப்பட்ட பவளக்கொடியும் 1934ஆம் ஆண்டுப் படமான பவளக்கொடியும் எங்களுக்கு ஒன்றுபோலவே பிரியமானவை. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுபவர்களோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

கதை வியாச பாரதத்தில் இல்லாதது. நம் நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் வளர்த்தெடுத்தது. அல்லியின் மகன் பவளத்தேர் வேண்டுமென்று அடம்பிடிக்க, பவளம் தேடிப் புறப்படும் அருச்சுனன், கண்ணனின் மாயத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு பவளக்கொடியைக் காண்கிறான், வாதிடுகிறான், மணக்கிறான். இதைப் பாட்டும் தர்க்கமுமாக மேடைக்கு வடித்துத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). சம்பவம் கொஞ்சம், சங்கீதம் அதிகம். மேனாட்டார் 'மியூசிகல்' என்று பெருமையோடு சொல்லும் வடிவம் நம் ஊர்க் கொட்டகைகளில் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது.

பாகவதர் பிறந்தது மாயவரத்தில் என்றாலும் வளர்ந்ததும் பாடத் தொடங்கியதும் திருச்சியில்தான். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர், தாம் 1914இல் நிறுவிய ரசிக ரஞ்சன சபாவின் 'அரிச்சந்திரா' நாடகத்தில் அந்தச் சிறுவனை லோகிதாசனாக மேடையேற்றினார். பின்னர் பொன்மலையில் அருச்சுனனாக நின்று பாடிய பவளக்கொடிதான் அவர் பெயரோடு 'பாகவதர்' என்பதைச் சேர்த்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாக உடன் நடிக்க, நாடகம் ஊர் ஊராகப் புகழ் பெற்றது. அதே இணையை வைத்துத்தான் கே. சுப்ரமணியம் தம் முதல் படத்தை எடுத்தார். பாடல்கள் பாபநாசம் சிவன். எண்ணிக்கை சுமார் 50 என்பார்கள்.

படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: 'இது சினிமா அல்ல, படம்பிடிக்கப்பட்ட நாடகம்'. உண்மைதான். ஆனால் அதைக் குறையாகக் கொள்வதற்கு நாங்கள் உடன்படவில்லை. அன்று பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே கிடையாது. நடிப்பவரே காமிராவின் முன்னால் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் ஒதுங்கி அமர்ந்து வாசிக்க வேண்டும். அடையாற்றில் திறந்தவெளியில், சூரிய வெளிச்சத்தை நம்பி நடந்த படப்பிடிப்பு அது. சாப்பாட்டு நேரத்தில் கூடிய காக்கைகள் ஒலிப்பதிவைக் கெடுத்ததால் அவற்றை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளை நியமித்தார்கள் என்ற கதை பிரசித்தம். தொடக்ககாலப் பேசும்படங்கள் பெரும்பாலும் அழிந்துபோன நம் நாட்டில் இந்தப் படம் ஏதோ தப்பிப் பிழைத்தது. அதில் நாம் கேட்பது ஓர் இளம் மேடைப் பாடகர் பகல் வெளிச்சத்தில், நின்ற இடத்தில், உண்மையாகவே பாடிய பாட்டு. பொன்மலைக் கொட்டகையில் ஒலித்த குரலுக்கு நம் காலத்தில் இதைவிட நெருங்கிய சாட்சி ஏது?

அதே சமயம், படம் எடுத்துக்கொண்டு போனதையும் மறைக்கக்கூடாது. மேடையில் ஒரு பாட்டு இன்றைக்கு இருந்தது போல் நாளைக்கு இருக்காது. சபை தலையசைத்தால் ராகம் நீளும். 'ஒன்ஸ்மோர்' கிளம்பினால் பாட்டு மறுபடி பிறக்கும். அருச்சுனனும் பவளக்கொடியும் தர்க்கம் செய்யும் இடத்தில் யார் யாரை மடக்குவார் என்பது அந்த இரவுக்குத்தான் தெரியும். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அந்தப் போட்டியில் பங்காளிகள். படச்சுருள் இவற்றில் ஒரு வடிவத்தை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டது. ஆகவே படத்தை மட்டும் நேசிப்பவர்கள் பவளக்கொடியில் பாதியைத்தான் நேசிக்கிறார்கள் என்று சொல்லத் துணிகிறோம்.

மீதிப் பாதி செத்துவிடவில்லை என்பதே விஷயம். திருச்சியிலிருந்து பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அடைந்துவிடக்கூடிய புதுக்கோட்டைச் சீமையிலும், மதுரை, சிவகங்கைப் பக்கங்களிலும் கோயில் திருவிழாக்களில் சுவாமிகளின் நாடகங்களை இன்றும் விடிய விடிய ஆடுகிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்தித்துப் பாடித் தர்க்கிக்கும் அந்த வித்தை, பாகவதர் பழகிய மேடையின் நேர் வாரிசு. அதைக் காணப் பாகவதர் ரசிகர்களில் எத்தனை பேர் போகிறார்கள்? 'அது கிராமத்துக் கூத்து' என்று முகம் சுளிப்பவர்களைத்தான் நாங்கள் அதிகம் கண்டிருக்கிறோம்.

இந்தச் சுளிப்பு ஸ்ரீரங்கத்துக்காரர்களிடமும் உண்டு என்பதுதான் வேடிக்கை. பகல் பத்தில் அர்ச்சுன மண்டபத்தில் அரையர் பாசுரத்தைப் பாடி அபிநயம் பிடிப்பதை மணிக்கணக்கில் நின்று சேவிப்பவர்கள் நாம். அருணாசலக் கவிராயர் தம் இராம நாடகக் கீர்த்தனையை அரங்கேற்றியது அந்தப் பெருமாள் சந்நிதியில்தான் என்று பெருமை பேசுபவர்களும் நாமே. பாட்டாலேயே கதை நடத்தும் கலை நமக்கு அந்நியமில்லை. பிறகு சுவாமிகளின் மேடையை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

இன்றைய மேடையில் சினிமா மெட்டுகள் புகுந்துவிட்டன, பபூன் காட்சிகளில் வரம்பு மீறுகிறது என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் ராகம் தெரிந்த ரசிகன் முன்வரிசையைக் காலி செய்துவிட்டுப் போனால், மிச்சமிருக்கும் கூட்டத்துக்குத் தகுந்தபடிதானே பாட்டு மாறும்? குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

1959 நவம்பர் 1 அன்று சென்னையில் மறைந்த பாகவதர் திருச்சியில், சங்கிலியாண்டபுரத்தில் உறங்குகிறார். அரசு அவருக்கு இதே ஊரில் மணிமண்டபமும் சிலையும் எழுப்பியிருக்கிறது; மகிழ்ச்சி. மார்ச் 1 பிறந்தநாளில் சிலைக்கு மாலையும் விழுகிறது. அதோடு இன்னும் ஒன்றைச் செய்யலாம் என்பது எங்கள் ஆசை. அந்த நாளில் முழு இரவுப் பவளக்கொடி ஒன்றைப் பொன்மலையில் ஆட வைப்போம். மறுநாள் மாலை அதே இடத்தில் 1934ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிடுவோம். இரண்டையும் அடுத்தடுத்துக் காணும் ஒருவர், படத்தை இனிமேல் 'வெறும் நாடகம்' என்றோ நாடகத்தை 'வெறும் கூத்து' என்றோ சொல்வாரா, பார்த்துவிடலாம். விடியும்வரை உட்கார்ந்திருக்க நாங்கள் தயார்.