பாலிக் புலாவில் பருவம் தவறுவதற்கு யார் பொறுப்பு?

டுரியான் மரம் பூப்பதற்குச் சில வாரங்கள் விடாமல் வெயில் காய வேண்டும். பூ மாலையில் விரியும். இரவில் வௌவால்கள் வந்து மகரந்தம் சேர்க்கும். அந்த நேரம் பார்த்துக் கனமழை கொட்டினால் பூ உதிர்ந்துவிடும். பிஞ்சு பிடித்த பிறகு மழை ஓயாவிட்டால் மரம் துளிர்விட ஆரம்பித்துப் பிஞ்சைக் கழித்துவிடும். எல் நினோ ஆண்டுகளின் கடும் வறட்சியில் பிஞ்சு வாடியே விழும். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் தோட்டக்காரர்களுக்குப் புவி வெப்பமடைதல் என்பது இந்த நாள்கணக்கு குழம்பிப் போவதுதான்.

காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உலகச் சராசரி வெப்பம் அக்காலத்தைவிட 1.5 டிகிரிக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டு 2024. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றும் எரிந்ததுதான் முதன்மைக் காரணம். இரண்டு ஏக்கர் டுரியானும் நாலு ஜாதிக்காய் மரமும் வைத்திருப்பவருக்கு இதில் என்ன பங்கு? ஆனால் பெட்ரோலிய வருமானத்தில் வளர்ந்த நாடு நம் மலேசியா. நம் வீட்டுக் குளிர்சாதனத்தை ஓட்டும் மின்சாரமும் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் பிறக்கிறது. மேலைநாடுகளை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

இன்னொரு தப்பித்தலும் நடக்கிறது. எது நடந்தாலும் 'பருவநிலை மாற்றம்' என்று கைவிரித்துவிடுகிறார்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தில் ஏழு பேர் மாண்டார்கள். அந்த மழை வானம் கொட்டியது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 21இல், தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் புதைந்தார்களே, அந்தச் சரிவை மனிதர்கள்தான் வெட்டிவைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு.

டுரியான் விவசாயத்திலும் இதே கதைதான். சீனச் சந்தையால் முசாங் கிங் ரக டுரியானின் விலை ஏறியதும், மலைச்சரிவை மொட்டையடித்து ஒரே பயிராக நடும் ஆசை வந்துவிட்டது. மொட்டை மலையில் பெருமழை விழுந்தால் மண் கீழே உள்ள ஓடைக்கும் வயலுக்கும்தான் வரும். வௌவால்களுக்குக் கரையோர அலையாத்தி மரங்களின் பூவும் தீனி. அந்தக் காட்டை அழித்தால் டுரியானுக்கு மகரந்தம் சேர்க்க ஆளில்லை. சூடேறும் உலகில் தாங்கி நிற்கத் தேவையான மலையையும் கரையையும் நாமே பலவீனப்படுத்துகிறோம்.

1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டம், மலைநிலத்தை அனுமதியின்றி வெட்டித் திருத்துவதைத் தடுக்கிறது. 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மலைநிலமாகக் கருதி மேம்பாட்டைக் கட்டுப்படுத்தும் விதியும் மாநிலத்தில் உண்டு. விவசாயம் என்ற பெயரில் வரும் மண்வாரி இயந்திரங்கள் மீதும் மாநில அரசாங்கம் இவற்றைக் கண்டிப்பாகப் பிரயோகிக்க வேண்டும். அதற்கு எந்த உலக மாநாட்டின் தீர்மானமும் தேவையில்லை.