தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்



மும்பையில் சைக்கிள் ஓட்ட முடியுமா என்று கேட்பவர்களை விடிகாலையில் மாட்டுங்காவுக்கு அழைத்து வாருங்கள். கிங்ஸ் சர்க்கிளில் புறப்பட்டு, ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி, வி.ஜே.டி.ஐ., ஐ.சி.டி. கல்வி நிறுவனங்களின் மதில்களை ஒட்டி, ரூயா, பொதார் கல்லூரிகள் வரை போய்த் திரும்பலாம். சமதளம், வழி நெடுக மர நிழல். விடுதி மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே மிதிப்பதைப் பார்க்கையில் மனசு நிறைகிறது.

இப்படி ஒரு பேட்டை உருவானதற்கு ஒரு கொள்ளைநோய் காரணம். 1896இல் பிளேக் பம்பாயை உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடிதான் நோயை வளர்க்கிறது என்று கருதிய அரசு, 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தது. தாதர்–மாட்டுங்காவில் அகலத் தெருக்களையும் தோட்டங்களையும் அந்த டிரஸ்ட்தான் வகுத்தது. 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. 1923இல் இங்கே இடம் மாறி வந்தது. 1933இல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகப் பிறந்ததுதான் இன்றைய ஐ.சி.டி.

ஆனால் அந்த அகலத் தெருக்கள் ரயில் தண்டவாளத்தோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கம் தாராவி.

அங்கே நம் தமிழ் ஜனங்கள் இருட்டோடு எழுந்து இட்லி அவிக்கிறார்கள். சைக்கிள் கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், ஹேண்டில்பாரில் சட்னி, சாம்பார் வாளிகள். பந்தை அமுக்கினால் 'பாம் பாம்' என்று ஒலிக்கும் ஹாரன். இத்தனை பாரத்தோடு தண்டவாளத்தைத் தாண்டும் மேம்பாலம் ஏறி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி மாட்டுங்காவுக்கு வருகிறார்கள். பல மாணவர்களின் காலைப் பசி ஆறுவது இவர்களால்தான். மாட்டுங்காவின் முதன்மையான சைக்கிள்காரர் யாரென்று கேட்டால், தயங்காமல் இவர்களைத்தான் சொல்வேன்.

தாராவியை அடுத்த பாந்திரா–குர்லா வளாகத்தில் பெருஞ்செலவில் சைக்கிள் பாதை போட்டார்கள். அதில் கார்கள் நின்றன. ஏற்கெனவே சைக்கிள் ஓடுகிற இடத்தில் பாதை போட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தாராவியிலிருந்து மாட்டுங்கா கல்லூரிகளுக்குத் தூரம் மிகக் குறைவு. பாலத்தின் ஓரம் ஒரு சைக்கிள் போகும் அகலத்துக்குத் தடுப்புக் கட்டி, கல்லூரி வாசல்களில் ஸ்டாண்டு வைத்தால் போதும். இட்லிக்காரரும் பயமில்லாமல் வருவார், அவர் வீட்டுப் பெண்ணும் அதே வழியில் சைக்கிளில் கல்லூரிக்குப் போவாள்.

சிக்கல் என்னவென்றால், தாராவி மாநகராட்சியின் ஜி நார்த் வார்டில் இருக்கிறது, மாட்டுங்கா எஃப் நார்த்தில். அதனால் இரண்டு வார்டு அலுவலகங்களுக்கும் மனு எழுதுகிறோம். தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிறவர்கள், எந்த இடம் ஆபத்தானது, எந்த நேரத்தில் என்று நமக்கு எழுதுங்கள். செம்பூர் வாசகர்கள் தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் நிறுவன (டிஸ்) வளாகத்தைச் சுற்றியுள்ள சாலைகளைப் பற்றியும் எழுதலாம். எம் ஈஸ்ட் வார்டுக்குத் தனி மனு தயாரிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்