பழைய பிக்கப் வாங்கி குடும்ப வண்டியா ஓட்டலாமா? விலை பேசும் முன் ஆர்.சி-யில் பார்க்க வேண்டியது என்ன?

தேனி மாவட்டம் பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும் நாடு முழுக்கச் செய்திகளில் அடிபட்ட ஊர். ஆனால் ஊர்க்காரர்களின் அன்றாடக் கவலை வேறு. காலையில் விளைச்சலை சந்தைக்கு ஏற்றணும். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடணும். வீட்டில் யாருக்காவது முடியலைன்னா போடிக்கோ, தேனிக்கோ, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடணும்.

கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க இதே நிலைமைதான். அதனால் பல குடும்பங்களில் அடிக்கடி எழும் யோசனை இது: "காரு ஒண்ணு, லோடு வண்டி ஒண்ணுன்னு ரெண்டு எதுக்கு? பழைய பிக்கப் ஒண்ணு வாங்கிட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்ல?"

கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. அது எஞ்சினும் இல்லை, மைலேஜும் இல்லை. ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் ஒரே ஒரு வரி.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி விகிதங்கள் மாறின. சரக்கு வாகனங்களுக்கான வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இரட்டை கேபின் பிக்கப்களும் இதனால் பலன் பெற்றன. உதாரணமாக, டொயோட்டா ஹைலக்ஸ் விலை அதிகபட்சம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேல் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கியாகணும். 'போன வருஷ ரேட்' சொல்லும் புரோக்கரிடம் இதைச் சொல்லியே பேரம் பேசலாம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் பதிவு பெற்ற டீலர், தனக்குக் கிடைக்கும் லாபத்தின் மீது 18% ஜி.எஸ்.டி கட்ட வேண்டும். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டத்தில் எடுத்த முடிவு இது. முழு விலைக்கும் 18% என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

எல்லா பிக்கப்பும் ஒண்ணு இல்லை

நம் ஊர் சாலைகளில் ஓடும் பிக்கப்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, ஒற்றை கேபின் வண்டி. மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா போன்றவை. முன்னால் ஓட்டுநரோடு ஒருவர் அல்லது இருவர்தான். பின்னால் முழுக்க லோடு.

இரண்டு, இரட்டை கேபின் வேலை வண்டி. பொலேரோ கேம்பர் இதற்கு நல்ல உதாரணம். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் சரக்கும் ஏற்றலாம். ஆனால் பெரும்பாலும் மஞ்சள் போர்டில்தான் ஓடுகிறது.

மூன்று, சொந்த உபயோகத்துக்கென்றே விற்கப்பட்ட இரட்டை கேபின் வண்டி. 2016-ல் வந்த இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் இந்த வகை. இதற்கு முன்பு மஹிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, டாடா ஸீனான் எக்ஸ்.டி இருந்தன. இரண்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய மார்க்கெட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

பார்க்க மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அப்படி இல்லை.

ஆர்.சி-யில் எந்த வரியைப் பார்க்கணும்?

ஆர்.சி-யில் 'வாகன வகை' என்று ஒரு இடம் இருக்கும். அதில் சரக்கு வாகனம் என்று போட்டிருந்தால், எத்தனை சீட் இருந்தாலும் அது சரக்கு வாகனம்தான். பக்கத்திலேயே 'இருக்கை எண்ணிக்கை' இருக்கும். குடும்பத்தில் எத்தனை பேரோ, அந்த எண் அதைவிடக் குறையக் கூடாது.

இந்த இரண்டையும் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டும் சரிபார்க்கலாம். லோன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி, எஃப்.சி தேதியும் அதிலேயே தெரிந்துவிடும்.

"மஞ்சள் போர்டுதாண்ணே, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லி வெள்ளை போர்டா மாத்திக் குடுத்துருவோம்" என்று யாராவது சொன்னால், உடனே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வகை மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அந்த மாடலுக்குக் கொடுக்கப்பட்ட ஒப்புதலைப் பார்த்துத்தான் அது முடிவாகும். முதலில் நீங்களே அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு பேசுங்கள்.

பின்னாடி நாலு பேர் உட்கார்ந்தா என்ன ஆகும்?

இங்கேதான் பெரிய சிக்கல். கோயில் திருவிழா, காதுகுத்து, வளைகாப்பு என்றால் சரக்கு வண்டியின் பின்னால் ஆட்கள் ஏறுவது ஊர்ப்பக்கம் சாதாரணமாகிவிட்டது. 'பக்கத்து ஊருதானே' என்கிற எண்ணம்தான்.

சட்டப்படி சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவது குற்றம். வாடகைக்கு ஏற்றினாலும், சொந்தக்காரர்களைச் சும்மா ஏற்றினாலும் ஒன்றுதான். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு ஒரு அறிவுறுத்தல் கொடுத்தது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்?

சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிப்போகும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கிலும் இதே நிலைதான். அந்த வழக்கில் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவானது. அதாவது, கடைசியில் சுமை உரிமையாளர் தலையில்தான்.

சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் மட்டும் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அவர்களும் கேபினுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். மூட்டையின் மேல் உட்கார்ந்து வருபவருக்கு அது பொருந்தாது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மொத்தம் ஐந்து பேர். ஒற்றை கேபின் பிக்கப் வாங்கினால் குறைந்தது இரண்டு பேருக்குச் சட்டப்படி இடமே இல்லை. அந்த இரண்டு பேர் பெரும்பாலும் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

கேம்பர் மாதிரி ஐந்து சீட் வண்டி என்றால் ஓகே-வா?

ஓரளவுக்கு ஓகே. இருக்கை எண்ணிக்கைக்குள் கேபினில் உட்காரலாம். ஆனால் வண்டி மஞ்சள் போர்டு என்றால் இன்சூரன்ஸும் சரக்கு வாகன பாலிசியாகத்தான் இருக்கும். அதில் கேபினில் வரும் குடும்பத்தினருக்குப் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 'கட்டணம் தராத பயணிகளுக்கான' கூடுதல் கவர் கேளுங்கள். அது பாலிசியில் அச்சாகி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை போதாது.

மஞ்சள் போர்டுக்கு வேறு செலவுகளும் உண்டு. எஃப்.சி முதல் 8 ஆண்டுகளுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்கணும். வண்டியின் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் தேவை. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக அடிக்கடி கேரளா போகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த 3,000 ரூபாய் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸும் சொந்த உபயோக கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மஞ்சள் போர்டு ஓட்டத் தனி பேட்ஜ் வேண்டுமா என்ற குழப்பம் தீர்ந்துவிட்டது. சாதாரண எல்.எம்.வி உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

வி-கிராஸ், ஹைலக்ஸ் வாங்கிட்டா பிரச்சினை இல்லையா?

வெள்ளை போர்டு என்றால் மேலே சொன்ன தலைவலிகளில் பெரும்பாலானவை இல்லை. ஏர்பேக் வசதியும் கிடைக்கும். கார்களுக்குக் கட்டாயமான ஏர்பேக் விதி சரக்கு வாகனங்களுக்குக் கிடையாது என்பதால், வேலை பிக்கப்களில் அது இல்லாமலே இருக்கலாம்.

ஆனால் அளவு? இந்த வண்டிகளின் நீளம் சுமார் 5.3 மீட்டர். பொலேரோ ஜீப் 4 மீட்டருக்கும் குறைவு. தெரு முனையில் திருப்பும்போதும், 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டு மலைப்பாதையிலும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். லோடு இருந்தால் வண்டி அமைதியாகப் போகும், காலியாகப் போனால் பின்சீட்டில் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ள பெரியவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

'டெல்லி நம்பர், சீப்பா இருக்கு' என்ற பேச்சும் வரும். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு மறுபதிவு, வரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்புறமும் சீப்பாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வண்டியில் என்ன பார்க்கணும்?

பிக்கப் என்றாலே லோடு அடித்திருக்கும். எவ்வளவு அடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

- பின்பக்கம் கூடுதல் பட்டை போட்டிருந்தால், ஓவர்லோடு ஓடிய வண்டி என்று சந்தேகப்படலாம்.
- கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். வெல்டிங் அடித்த தடம், துரு இருந்தால் விலகிவிடுவது நல்லது.
- டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, பின் ஆக்சிலில் ஆயில் கசிகிறதா என்று கவனிங்க.
- நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியென்றால் மண் பாதையில் அதைப் போட்டுப் பார்க்கணும். ரொம்ப நாள் உபயோகிக்காமல் இறுகிப் போயிருக்கலாம்.
- 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்-6 டீசல் வண்டியைத் தினமும் சின்னச் சின்ன தூரத்துக்கே ஓட்டினால், புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒருநாளாவது நீண்ட தூரம் ஓட்டணும்.
- சோதனை ஓட்டம் சமதளத்தில் மட்டும் போதாது. மலைப்பாதையில் ஏற்றத்தில் கிளட்ச், இறக்கத்தில் பிரேக் இரண்டையும் பாருங்கள்.

வாங்கின பிறகு மறக்கக் கூடாதது

30 நாட்களுக்குள் ஆர்.சி பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்கள். விற்பவரும் இதில் உஷாராக இருக்கணும். வண்டியை விற்றுவிட்டாலும் ஆர்.சி-யில் பெயர் மாறாவிட்டால், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி-யில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அப்போ, என்னதான் வாங்கலாம்?

ஒவ்வொரு வாரமும் பல நாள் லோடு, கூடவே நான்கைந்து பேர் பயணம் என்றால் வெள்ளை போர்டு இரட்டை கேபின் வண்டி பொருந்தும். பட்ஜெட் இடிக்கிறதா? கேம்பர் மாதிரி வண்டியைச் சரியான இன்சூரன்ஸோடு யோசிக்கலாம்.

லோடு வேலை அறுவடை நேரத்தில் மட்டும்தான் என்றால் கணக்கே வேறு. ஒரு பழைய ஏழு சீட் ஜீப்பை வாங்கிவிட்டு, லோடுக்கு குட்டி யானையை வாடகைக்குப் பிடிப்பது மலிவு. புது பொலேரோவுக்கும் ஜி.எஸ்.டி 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் அதன் பழைய வண்டிகளிலும் பேரம் பேச இடமுண்டு.

ஒற்றை கேபின் பிக்கப்? அது நல்ல தொழில் வண்டி. அதில் குடும்பத்தையும் ஏற்றலாம் என்று வாங்கினால், பின்னால் உட்காரப்போவது யார் என்று வாங்கும் முன்பே ஒருமுறை யோசித்துவிடுங்கள். எத்தனை மூட்டை ஏறும் என்று புரோக்கரே சொல்லிவிடுவார். எத்தனை பேர் ஏறலாம் என்று ஆர்.சி-தான் சொல்லும்.